சமவெளிதானே என்று 35 மி.மீ. டயரில் கிளம்பலாமா?

கேள்வி: பெர்லினில் வேலை பார்க்கிறேன். ஜூன் மாதம் நானும் மனைவியும் ஃபியூர்ஸ்டன்பெர்க்கில் ரயிலை விட்டு இறங்கி, நொய்ஸ்ட்ரெலிட்ஸ் வழியாக வாரன் வரை மூன்று நாள் சைக்கிளில் போகத் திட்டம். இருவரிடமும் 35 மி.மீ. டயர் போட்ட கிராவல் சைக்கிள் (ஜல்லி, மண் பாதைக்கானது) இருக்கிறது. பெரிய மேடு எதுவும் இல்லாத ஏரிப் பகுதி என்பதால் நான் கவலைப்படவில்லை. ஆனால் போன வருடம் போய்வந்த நண்பர், பாதி வழி சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போனேன் என்கிறார். இணையத்தில் பழைய சைக்கிள் விற்கும் ஒருவரோ, மணலுக்கு முன்பக்கம் ஷாக் அப்சார்பர் வைத்த சைக்கிள்தான் சரி, 1,400 யூரோவுக்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். இருக்கிற சைக்கிளுக்கு டயரை மட்டும் மாற்றுங்கள்.

உங்கள் நண்பர் மிகைப்படுத்தவில்லை. கடைசிப் பனியுகத்தில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து நகர்ந்து வந்த பனிப்பாளம் இந்தப் பகுதியில்தான் நின்று உருகியது. உருகி ஓடிய நீர், பாளத்துக்கு முன்னால் மணலை அள்ளிக் கொட்டிப் பரப்பிவிட்டுப் போனது. பனிக்கட்டிகள் புதைந்து கிடந்த பள்ளங்கள் ஏரிகளாயின. ஏரி இருக்கிற ஊரில் மணலும் இருக்கும் என்பது அங்கே விதி. வேறு எதுவும் சரியாக விளையாத அந்த மண்ணில் பைன் மரங்களை நட்டார்கள். இப்போது மரம் வெட்ட வரும் கனரக வண்டிகள் காட்டுப் பாதையை உழுதுவிட்டுப் போகின்றன. ஜூன் வெயிலில் அது காய்ந்தால் தூளாகிவிடும். திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்காட்டில் சைக்கிளை இறக்கிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மேடு இல்லை என்பதால் சுலபம் என்று நினைப்பதில்தான் சிக்கல். மணலில் சக்கரம் புதைகிறது. அதைத் தடுப்பது டயரின் அகலமும், உள்ளே காற்று குறைவாக இருப்பதும்தான். முன்பக்க ஷாக் குழிக்கும் வேருக்கும் உதவும், புதைவதற்கு ஒன்றும் செய்யாது. எடையைத்தான் கூட்டும். விற்பவர் சொன்னது ஒன்று அறியாமை, இல்லையென்றால் வேறு ஏதோ.

உங்கள் சைக்கிளின் சட்டத்தில் (ஃபிரேமில்) எவ்வளவு அகல டயர் நுழையும் என்று முதலில் பாருங்கள். டயருக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு பக்கமும் ஐந்தாறு மில்லிமீட்டர் இடைவெளி மிஞ்ச வேண்டும். பெரும்பாலான கிராவல் சைக்கிள்களில் 40 நுழையும், பலவற்றில் 45 நுழையும். நுழைகிற அளவில் பெரியதைப் போடுங்கள். நல்ல டயர் ஒன்று 40 முதல் 60 யூரோ ஆகும். இரண்டு சைக்கிளுக்கும் சேர்த்தால்கூட அந்த 1,400 யூரோவில் அதிகபட்சமாக ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான்.

அப்புறம் காற்று. டயர் பக்கவாட்டில் அச்சடித்திருப்பது அதிகபட்ச அளவு. அதை அடைய வேண்டிய இலக்காக எடுத்துக்கொண்டு கல் மாதிரி காற்றடிக்கிற பழக்கம் நம் ஆட்களிடம் நிறைய உண்டு, சில கடைக்காரர்களிடமும் உண்டு. 75 கிலோ எடையுள்ளவர், சின்னப் பை ஒன்றோடு, 45 மி.மீ. டயரில் போகிறார் என்றால் பின்னால் 2 முதல் 2.3 பார் (காற்றழுத்த அளவு), முன்னால் அதைவிடக் கொஞ்சம் குறைவு போதும். உள்ளே டியூப் இருந்தால் இன்னும் ஒரு 0.3 கூட்டுங்கள், இல்லாவிட்டால் வேரில் இடிக்கும்போது டியூப் நசுங்கிக் கிழியும். இந்த மென்மை மணலுக்கு மட்டுமல்ல, அங்கே கிராமத் தெருக்களில் போட்டிருக்கிற உருண்டைக் கல் பாவலுக்கும், கிழக்கு ஜெர்மனி காலத்தில் வயலோரம் பதித்த கான்கிரீட் பலகைப் பாதைகளுக்கும் வேண்டும். அந்தப் பலகைகளின் இணைப்புகளில் கெட்டி டயரோடு ஒரு மணி நேரம் போனால் மணிக்கட்டு பேசும்.

மணல் தெரிந்ததும் உள்ளே போவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். உடம்பைச் சற்றுப் பின்னால் தள்ளி, ஹேண்டிலை இறுக்காமல் பிடித்து, மிதிப்பதை நிறுத்தாமல் நேராகப் போங்கள். சக்கரம் தானாக ஆடும், ஆடட்டும்.

40 நுழையவே நுழையாது என்றால்? 35லும் போகலாம், மழை பெய்த மறுநாளாகப் பார்த்து. ஈர மணலில் பருக்கைகளுக்கு நடுவே இருக்கும் தண்ணீர் அவற்றைச் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. கடற்கரையில் அலை வந்து போகும் ஓரத்தில் நடக்கச் சுலபமாக இருப்பது இதனால்தான். ஆனால் தூறல் போதாது. தூறல் மேல்தோலை மட்டும் நனைக்கும். சக்கரம் அதை உடைத்துக்கொண்டு கீழே உலர்ந்த மணலில் இறங்கிவிடும். நன்றாக ஊறும் அளவுக்குப் பெய்திருக்க வேண்டும். பெய்தாலும் பைன் காட்டுக்குள் மரக்கிளைகள் ஒரு பகுதியைத் தடுத்துவிடும், திறந்த வெளிப் பாதையில்தான் பலன் அதிகம். திறந்த வெளியோ ஒரே வெயிலில் காய்ந்துவிடும். ஜெர்மனியிலேயே மழை குறைவான மாநிலங்களில், நீங்கள் ரயிலிறங்கும் பிராண்டன்பர்க் ஒன்று. ஆக, மழையை நம்பித் தேதி குறிக்க முடியாது. 35தான் என்றால் பெர்லின்–கோபன்ஹேகன் சைக்கிள் பாதையின் வழிகாட்டிப் பலகைகளை விட்டு விலகாதீர்கள். அதில் பெரும்பகுதி தாரோ கெட்டித்த தரையோதான்.

இப்போது அந்த விற்பனையாளர். நீங்கள் இவரைப் பற்றிக் கேட்கவில்லை, வாங்கலாமா என்று மட்டும்தான் கேட்டீர்கள். ஆனால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி இந்த மாதிரி ஆட்களிடம் ஏமாந்த கதை. ஜெர்மன் சிவில் சட்டத்தின் 935ஆம் பிரிவை நம் பிள்ளைகள் ஜெர்மனியில் வந்து இறங்கிய முதல் வாரமே படிக்க வேண்டும். திருடப்பட்ட பொருளை, திருட்டு என்று தெரியாமல் முழு விலை கொடுத்து வாங்கினாலும் அது உங்களுடையது ஆகாது. சொந்தக்காரர் வந்தால் சைக்கிளைக் கொடுத்துவிட வேண்டும். பணத்தை விற்றவரிடம்தான் கேட்க வேண்டும். அவருடைய எண் அதற்குள் அணைந்திருக்கும். திருட்டு என்று தெரிந்தே வாங்கினால் அது தனிக் குற்றம், விசாவில் இருப்பவருக்கு அது எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எனவே முதல் பில் எங்கே என்று கேளுங்கள். சைக்கிள் ஃபிரேமின் அடியில், பெடல் அச்சுக்குக் கீழே பொதுவாகப் பொறித்திருக்கும் எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். எண் சுரண்டியிருந்தால் பேச்சே வேண்டாம். விற்பவரின் அடையாள அட்டையைப் பார்த்து, பெயர், முகவரி, ஃபிரேம் எண், விலை நான்கையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வீட்டுக்கு வரச் சொல்லாமல் ரயில் நிலைய வாசலில் சந்திக்கலாம் என்பவர், முன்பணம் அனுப்பினால் எடுத்து வைக்கிறேன் என்பவர், நண்பருக்காக விற்கிறேன் என்பவர், இந்த மூன்று பேரிடமும் எதுவும் வாங்காதீர்கள். நேர்மையான மனிதர் நண்பருக்காக விற்பதும் உண்டுதானே என்று யாராவது எழுதுவீர்கள். எழுதுங்கள்.

அதே சந்தேகத்தை கைபேசிச் செயலிகள் மேலும் வையுங்கள். உங்கள் நண்பர் தள்ளிக்கொண்டு போனது வழிகாட்டிப் பலகை உள்ள வழியில் இருக்காது, செயலி காட்டிய குறுக்கு வழியில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். யாரோ நவம்பரில் மழைக்குப் பின் போன தடத்தைத் தரவிறக்கி ஜூனில் போனால் அப்படித்தான். மணல் போகட்டும், அந்தக் காடுகளில் பல முன்பு ராணுவப் பயிற்சி நிலங்கள். வெடிக்காத குண்டுகள் இன்னும் மண்ணுக்குள் கிடக்கின்றன. 2019இல், வாரன் இருக்கும் மெக்லென்பர்க்-வோர்பொமர்ன் மாநிலத்தின் தென்மேற்கே லியூப்தீன் அருகே காடு எரிந்தபோது, தீயணைப்புப் படையால் நெருங்கவே முடியாமல் போனது இந்த வெடிபொருட்களால்தான். எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் பாதையை விட்டு ஓர் அடிகூட இறங்காதீர்கள், ஒதுங்குவதற்கும் கூட. வழியில் வரும் மியூரிட்ஸ் தேசியப் பூங்காவுக்குள் குறித்த பாதை தவிர வேறெதிலும் சைக்கிள் கூடாது. கோடை முற்றிக் காட்டுத்தீ அபாயம் உச்சமான ஐந்தாம் நிலைக்குப் போனால் காட்டையே மூடிவிடவும் கூடும், கிளம்பும் காலையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும் ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதிலும் பணம் போகும். மாதாந்திர டாய்ச்லாண்ட் டிக்கெட் உங்களை ஏற்றும், சைக்கிளை ஏற்றாது. சைக்கிளுக்குத் தனி டிக்கெட். போகும்போது பெர்லின்–பிராண்டன்பர்க் கட்டண எல்லைக்குள் ஃபியூர்ஸ்டன்பெர்க் வந்துவிடுகிறது. வாரனோ அடுத்த மாநிலம், அந்த சைக்கிள் டிக்கெட் அங்கே செல்லாது. அதே தண்டவாளம், அதே ஆர்இ5 பிராந்திய ரயில், அதே சைக்கிள், ஆனால் வேறு டிக்கெட்! சைக்கிளில் போகச் சொல்லி விளம்பரத்துக்குச் செலவழிக்கும் அரசாங்கங்களுக்கு இதைச் சரிசெய்ய இவ்வளவு காலம் போதவில்லை. திரும்பும் நாளுக்கு, நாடு முழுவதும் பிராந்திய ரயில்களில் செல்லும் சைக்கிள் நாள் டிக்கெட்டாக வாங்குங்கள். வாங்கிவிட்டதால் இடம் உறுதி என்று அர்த்தமில்லை. சக்கர நாற்காலிக்கும் குழந்தை வண்டிக்கும்தான் முன்னுரிமை, அது நியாயமும்கூட. கோடை ஞாயிறு மாலையில் பால்டிக் கடலோரத்திலிருந்து வரும் கூட்டம் வாரனுக்கு வரும்போதே பெட்டியை நிரப்பியிருக்கும். இரண்டு சைக்கிளோடு நிற்கும் உங்களை நடத்துநர் மேடையிலேயே விட்டுவிட்டுப் போகலாம், அதற்கு அவருக்கு அதிகாரம் உண்டு. முடிந்தால் திங்கள்கிழமை லீவு போட்டுவிட்டுக் காலை ரயிலில் திரும்புங்கள்.