வாங்க முதல் ஒரு வார்த்தை: ஓடர் கொடுத்துச் செய்விக்கும் ஹொக்கி மட்டை

போன முறை பழைய சைக்கிள் வாங்குவது பற்றி எழுதியபோது, என் வீட்டில் முருங்கைக்காய் பறிக்க ஒரு ஹொக்கி மட்டை இருக்கிறது என்று போகிற போக்கில் சொல்லிவிட்டேன். சைக்கிளை எல்லோரும் மறந்துவிட்டார்கள். வந்ததெல்லாம் மட்டைக் கடிதங்கள். 'உங்கள் ஆட்டத்துக்கு ஏற்றபடி செய்து தருகிறோம்' என்று வட்ஸ்அப்பில் சுற்றும் விளம்பரம் பலரையும் பிடித்து ஆட்டுகிறது போலும். நலம் விசாரித்த வரிகளை வெட்டிவிட்டேன், கோபிக்க வேண்டாம்.

கேள்வி: ஏ.எல். படிக்கிறேன். உயரம் 5 அடி 5 அங்குலம். முன்களத்தில் விளையாடுகிறேன். 37.5 அங்குலம், லோ போ (வளைவு தாழ இருப்பது), 100 வீதம் காபன் நார் என்று ஓடர் கொடுக்கப் போகிறேன். சரிதானே? (கல்லடி)

பதில்: மூன்றில் ஒன்றும் சரியில்லை, தம்பி.

நீளத்திலிருந்து வருவோம். நிமிர்ந்து நின்று மட்டையைப் பக்கத்தில் நிறுத்தினால் அதன் நுனி இடுப்பெலும்புக்குக் கிட்ட வரவேண்டும். உங்கள் உயரத்துக்கு 36.5 போதும். 37.5 பெரும்பாலும் 5 அடி 9 தாண்டியவர்களுக்கும், எட்டிப் பறிக்க வேண்டிய பின்களக்காரருக்கும் உரியது. முன்களத்தில் நெருக்கடிக்குள் பந்தைக் கிறுக்கி எடுக்க வேண்டியவருக்கு அந்த ஒரு அங்குலம் வயிற்றில் குத்தும்.

அடுத்தது லோ போ. மட்டையை முகம், அதாவது பந்தை அடிக்கும் தட்டைப் பக்கம், கீழே இருக்கும்படி தட்டையான மேசையில் வையுங்கள். மேசைக்கும் மட்டைக்கும் இடையில் தெரியும் இடைவெளிதான் வளைவு. விதி அனுமதிப்பது 25 மில்லிமீற்றர். அந்த வளைவின் உச்சம் தலையின் அடியிலிருந்து 200 மில்லிமீற்றருக்குள் வரக்கூடாது. லோ போ என்பது இந்த இரண்டு எல்லையையும் உரசிக்கொண்டு நிற்கும் மட்டை. பந்து அந்தக் குழிவில் உட்கார்ந்து உருண்டு வருவதால் பெனால்டி கோணரில் (எதிரணி பிழைவிட்டால் கோலுக்குக் கிட்டக் கிடைக்கும் வாய்ப்பு) ட்றாக் பிளிக், அதாவது பந்தை மட்டையோடு இழுத்துக் கோலுக்குள் வீசும் அடி, அடிக்க வசதி. ஆனால் சாதாரணமாக ஓங்கி அடிக்கும்போது கை கொஞ்சம் பிந்தினாலும் முகம் மல்லாந்துவிடும், பந்து எழும்பிவிடும்.

இதைப் புத்தகத்தில் படித்து எழுதவில்லை. பாகிஸ்தானின் சொஹைல் அப்பாஸ் 348 சர்வதேசக் கோல் போட்டவர், அதில் பெரும்பங்கு ட்றாக் பிளிக். அவருடைய வீடியோக்களை இரவிரவாகப் பார்த்துவிட்டு, பின்களத்தில் நின்று பந்தை வெளியே தள்ளுவதைத் தவிர வேறொன்றும் தெரியாத நான், 24 மில்லிமீற்றர் வளைவில் ஒன்று வாங்கினேன். முதல் நாள் முதல் அடி: பந்து மதிலுக்கு மேலாகப் போய் வாவிக்குள் விழுந்தது. இரண்டாவது அடி எங்கள் ஆள் ஒருவரின் தோளில். ஒரு பருவம் முழுக்க அந்த மட்டையோடு மல்லுக்கட்டினேன், ஒரு ட்றாக் பிளிக்கும் அடிக்கவில்லை, ஏனென்றால் பெனால்டி கோணர் அடிக்க என்னை யாரும் கூப்பிடவேயில்லை. உங்களை உங்கள் அணியில் கூப்பிடுகிறார்களா? அதை முதலில் கேளுங்கள்.

கடைசியாகக் காபன். காபன் கூடினால் மட்டை விறைக்கும். அடிக்கு வேகம் வரும், பந்தை நிறுத்தும்போது தெறித்துப் போகும், கைக்கும் சுளீரென்று ஏறும். கொழும்பு றீட் அவனியூவில் இருப்பதுபோல் நனைந்த செயற்கைப் புல்தரையில் அது வேறு கதை. நீங்கள் விளையாடுவது கிறவலில் என்று கடிதத்தின் அடியில் எழுதியிருக்கிறீர்கள். மேலே எழுதியிருக்க வேண்டிய விஷயம் அது. கிறவல் அந்தத் தலையை ஒரு தவணைக்குள் நார் நாராக உரித்துவிடும். காபன் குறைந்த, பைபர்கிளாஸ் கூடிய, நடு வளைவுள்ள (வளைவின் உச்சம் நடுப்பக்கமாக வரும்), 530 கிராம் அளவிலான மட்டை எடுங்கள். அது கடையிலேயே கிடைக்கும், ஓடர் தேவையில்லை.

கேள்வி: மட்டையில் என் பெயரைப் பொறிக்க மேலதிகமாக 4,000 ரூபா கேட்கிறார்கள். கொடுக்கலாமா? (ஆரையம்பதி)

பதில்: பெயர் பொறித்த மட்டையை நாளைக்கு உங்கள் பெயர்காரனுக்குத்தான் விற்கலாம்.

கேள்வி: மகளுக்குப் 11 வயது. வளருகிற பிள்ளைதானே என்று 36.5 அங்குல மட்டையாகவே ஓடர் கொடுத்துவிட்டேன். இப்போது பிடிக்கத் தெரியாமல் திண்டாடுகிறாள். பழக்கத்தில் சரியாகிவிடுமா? (கல்முனை)

பதில்: ஆகாது. மட்டை என்ன பள்ளிக்கூடச் சட்டையா, விளிம்பை மடித்துத் தைத்துவிட்டு வருடா வருடம் பிரித்துவிட? நீளம் கூடின மட்டையைப் பிடிக்கும் பிள்ளை முதுகை நிமிர்த்திக்கொள்ளும், கையைக் கீழே இறக்கிப் பிடிக்கும், அந்தப் பழக்கம் பிறகு மட்டை பொருந்தினாலும் போகாது. சிறுவர் மட்டைகள் பல நீளங்களில் இருக்கின்றன. இடுப்பெலும்பை அளந்து, மரத்தில் ஒன்று வாங்கிக் கொடுங்கள். ஓடர் கொடுத்ததை அலுமாரிக்கு மேலே வையுங்கள், ஐந்தாறு வருடம் கழித்து அவளே எடுப்பாள். அளக்காமல் வாங்குகிறவர்களுக்கு இனிமேல் இந்தப் பகுதியில் இடமில்லை என்று எழுத நினைத்தேன். பிள்ளைக்காக விட்டுவிட்டேன்.

கேள்வி: மருதமுனைக் கைத்தறிச் சாரம் என்று சொல்லிக் கல்முனையில் வாங்கினேன். முதல் கழுவலிலேயே சாயம் போய்விட்டது. (பாண்டிருப்பு)

பதில்: மருதமுனை உங்களுக்கு நடை தூரம், நெய்கிற இடத்திலேயே வாங்கியிருக்கலாமே!

கேள்வி: பாகிஸ்தானின் சியால்கோட்டில் செய்விக்கிறோம் என்று ஒருவர். 36.5 அங்குலம், 530 கிராம், நடு வளைவு என்று போனில் சொன்னேன். வாப்பா போகம் வெட்டிய காசில் 32,000 ரூபா பாங்கில் போட்டார். வந்த மட்டையைப் பலசரக்குக் கடைத் தராசில் வைத்தால் 590 கிராம். ஸ்ரிக்கரை நகத்தால் கிளப்பினால் அடியில் வேறொரு பெயர். கேட்டால், 'உங்களுக்கென்று செய்தது, திருப்பி எடுக்கமாட்டோம்' என்கிறார். பில்லும் இல்லை. (அக்கரைப்பற்று)

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். வட்டைக்குள் நின்று உழைத்த காசு. கோபம் எனக்கும்தான் வருகிறது.

முதலில் அந்த ஆளின் வாதத்தைப் பாருங்கள். உங்களுக்கென்று செய்தது என்றால் அது 530 கிராம் இருக்க வேண்டும். 590 கிராம் மட்டை வேறு யாருக்கோ செய்தது. ஸ்ரிக்கருக்கு அடியில் பெயர்கூட இருக்கிறதே! சியால்கோட் என்பது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. உலகத்தில் பெரிய பெயர் எடுத்த மட்டைகள் பலவும் அந்த ஊரில்தான் செய்யப்படுகின்றன. கோளாறு ஊரில் இல்லை, இடையில் நிற்கிற ஆளில்.

இனி என் பழைய ஒப்பாரியைக் கொஞ்சம் கேளுங்கள், வழக்கமாக வாசிக்கிறவர்கள் தாண்டிப் போகலாம். நம்முடைய கடைகளில் ஒரு கேள்வி இருக்கிறது: 'பில் வேணுமா?' கேட்கிற தொனியிலேயே, வேணும் என்று சொல்கிறவன் ஏதோ பொலிசுக்குப் போகிறவன் என்பதுபோல் ஒரு பார்வை. நாமும் வெட்கப்பட்டு, 'சீ, தேவையில்லை, தெரிஞ்ச ஆக்கள்தானே' என்று வந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் ஒரு தண்ணி மோட்டர் வாங்கினேன். மூன்றாம் நாள் புகைந்தது. தெரிஞ்ச ஆள் என்னை யாரென்று தெரியாது என்றார். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டு கொடுத்தே ஆகவேண்டும். அது கடைக்காரர் செய்யும் உபகாரம் இல்லை. இல்லாத தரத்தை இருப்பதாகச் சொல்லி விற்பதும் அதே சட்டத்தில் குற்றம்.

ஓடர் கொடுத்துச் செய்விக்கும் பொருளுக்கு வெறும் பில்லும் போதாது. நீளம், நிறை, வளைவு எத்தனை மில்லிமீற்றர், அது அடியிலிருந்து எவ்வளவு தூரத்தில், தலையின் வடிவம், எதனால் செய்தது, எப்போது வரும், நிறை பிசகினால் என்ன செய்வது, இவ்வளவும் ஒரு தாளில் இருந்து, இரண்டு பேரும் கையெழுத்து வைக்க வேண்டும். கலியாணத்துக்குப் பந்தல்காரனிடம் எத்தனை கதிரை என்று எழுதி வாங்குகிற நாம், 32,000 ரூபா மட்டையைப் போனில் சொல்லிவிட்டு இருக்கிறோம். நிறையில் பத்துக் கிராம் முன்பின் வரும், அதை ஏற்றுக்கொள்ளலாம். அறுபது கிராம் என்பது வேறு மட்டை.

இப்போது செய்ய வேண்டியது: பாங்குச் சீட்டு இருக்கிறது, அது காசு போனதற்குச் சாட்சி. வட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் பிரதி எடுங்கள். மட்டை தராசில் இருக்கும்போதே எண் தெரியப் படம் பிடியுங்கள். கிளப்பிய ஸ்ரிக்கரையும் எறியாதீர்கள். நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு முறைப்பாட்டை எழுத்தில், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், அதனால் 'பெருநாள் முடியட்டும்' என்று தள்ளாதீர்கள். அவர்களின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வழி சொல்வார்கள். அந்த மட்டையால் ஒரு அடிகூட அடிக்க வேண்டாம். தலையில் ஒரு கீறல் விழுந்தால் அதைப் பிடித்துக்கொண்டு ஆடுவார் அந்த மனிதர்.

கேள்வி: பாடசாலை அணிக்குப் 16 மட்டை ஒரே மாதிரி ஓடர் கொடுத்தால் விலை குறைப்பதாகச் சொல்கிறார்கள். நிதி குறைவு. உங்கள் ஆலோசனை? (களுவாஞ்சிக்குடி, உடற்கல்வி ஆசிரியர்)

பதில்: சேர், 16 பிள்ளைகளும் ஒரே உயரமா? பின்களத்தில் நின்று தடுத்து அடிக்கிறவருக்குக் கொஞ்சம் பாரம் வேண்டும், 550 கிராம்போல். முன்களத்தில் இலேசானது. இப்படிப் பிரித்துக் கேட்டால் அவர்கள் சொல்லும் கழிவு குறையலாம், பரவாயில்லை. ஒன்றை மாதிரிக்கு வரவழைத்துப் பார்த்துவிட்டு மிச்சத்துக்குக் காசு கொடுங்கள். சோதிப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். உள்விட்டம் 51 மில்லிமீற்றர் உள்ள வளையம் ஒன்றை இரும்புக் கடையில் செய்வித்து வைத்திருங்கள், பிடித்துணி சுற்றிய நிலையில் மட்டை முழுவதும் அதற்குள்ளால் போகவேண்டும். நிறை 737 கிராமையும் நீளம் 105 சென்ரிமீற்றரையும் தாண்டக்கூடாது, ஆனால் யாரும் அந்தப் பக்கம் போகமாட்டார்கள்.

காசு குறைவென்றால் இன்னொன்று சொல்கிறேன். ஒரு பிள்ளைக்கு மட்டையைப் பொருத்தமாக்க மிக மலிவான வழி பிடித்துணி. கை சிறிதென்றால் மெல்லியதாக ஒரு சுற்று, வியர்க்கிற கை என்றால் சொரசொரப்பானது. சாதாரண மட்டை வாங்கி இதற்குச் செலவழியுங்கள். வாங்கியவற்றைத் தகரக் கொட்டிலுக்குள் அடைக்க வேண்டாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அதற்குள் கை வைக்க முடியாது, காபன் மட்டையை ஒட்டி வைத்திருக்கும் பசைக்கு அந்தச் சூடு ஆகாது. அதிபரின் அறையில் ஒரு மூலை கேளுங்கள்.

கேள்வி: என் மகள் இடக்கைக்காரி. இடக்கை மட்டை விசேடமாகச் செய்து தருவதாக ஒரு கடைக்காரர் 10,000 ரூபா முற்பணம் வாங்கி இரண்டு மாதமாகிறது. கொப்பித் தாளில் எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறார். இன்றைக்கு, நாளைக்கு என்கிறார். (செங்கலடி)

பதில்: அம்மா, அந்த மட்டை வராமல் இருப்பதே நல்லது. ஹொக்கியில் இடக்கை மட்டைக்கு விதியில் இடமேயில்லை. தட்டையான முகம் இடப்பக்கம் உள்ள ஒரே வகை மட்டையால்தான் எல்லோரும் விளையாட வேண்டும். அது வந்திருந்தால் முதல் போட்டியிலேயே நடுவர் மகளை வெளியே அனுப்பியிருப்பார், பிள்ளை அழுதிருக்கும்.

அவளுக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லுங்கள். மட்டையின் மேல்நுனியைப் பிடிப்பதும், முகத்தை அங்குமிங்கும் கிறுக்குவதும் இடக்கைதான். வலக்கைக்காரப் பிள்ளைகள் பாடுபட்டுப் பழகுகிற கை அவளுக்குப் பிறப்பிலேயே பழகியிருக்கிறது. கொப்பித் தாளில் கையெழுத்து வாங்கினீர்களே, அதற்கு உங்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். அதன் பிரதியோடு நாளைக்கே கடைக்குப் போய் முற்பணத்தைக் கேளுங்கள். தராவிட்டால் மேலே அக்கரைப்பற்றுத் தம்பிக்குச் சொன்ன வழிதான். மூன்று மாதக் கணக்கு உங்களுக்கும் உண்டு, ஒரு மாதம்தான் மிச்சம்.

கேள்வி: ஒரே விலைக்கு 90 வீதக் காபன் ஒன்று, 70 வீதக் காபன் ஒன்று, இரண்டும் வேறு வேறு நிறுவனம். எது நல்லது? (ஏறாவூர்)

பதில்: அந்த வீதத்தை எப்படிக் கணக்கிடுவது என்று ஹொக்கி விதிப் புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை. அவரவர் கணக்கு அவரவருக்கு. ஒரே நிறுவனத்தின் இரண்டு மட்டைகளை ஒப்பிட அந்த எண் உதவும், இரண்டு நிறுவனங்களை ஒப்பிட உதவாது. இரண்டையும் கையில் எடுத்து, ஒரு சில்லறைக் காசால் தலையிலிருந்து மேலே தட்டிக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் மட்டும் சத்தம் செத்துப்போனால் உள்ளே பிளவு. மிச்சம் உங்கள் கை சொல்லும்.

கேள்வி: முருங்கைக்காய் பறிக்கும் அந்த மட்டையை விற்பீர்களா? (வாழைச்சேனை)

பதில்: விற்பேன். 37.5 அங்குலம், 24 மில்லிமீற்றர் வளைவு, மூங்கிலில் கட்டிய கம்பித் தழும்பு இரண்டு, தலையில் விரல் நீள வெடிப்பு ஒன்று. இவ்வளவையும் எழுதிப் பற்றுச்சீட்டும் தருவேன். மரத்தில் இன்னும் கொஞ்சம் காய் இருக்கிறது, அது முடியட்டும்.