பழைய நிரலும் முப்பது கோப்புகளும்

வணக்கம். உரைக்கோப்புகளைப் படித்து, சொற்களை எண்ணி, அறிக்கை தரும் ஒரு கட்டற்ற மென்பொருளை இரண்டு பேர் பார்த்துக்கொள்கிறோம். பைதான் 2இல் எழுதியது. எழுதியவர் விலகிவிட்டார். டெஸ்ட் ஒன்றுகூட இல்லை. இந்தப் பழைய குப்பையைத் தூக்கிப்போட்டுவிட்டு ரஸ்ட் என்ற வேறு நிரல்மொழியில் புதிதாக எழுதிவிடலாமா? புது லோகோவும் அரட்டைக்குழுவும் இருந்தால் ஆள் சேருமா? உதவ வருபவருக்கு எவ்வளவு உரிமை தரலாம்?

கே.

அன்புள்ள கே.,

லோகோவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அரட்டைக்குழு வேண்டவே வேண்டாம். இரண்டு பேருக்கு மிஞ்சும் மாலைநேரத்தையும் அது தின்றுவிடும்.

குப்பை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுங்கள். ஏன் இருக்கிறது என்றே புரியாத இஃப் (நிபந்தனை) வரிகளில் பலவற்றின் பின்னால் யாரோ ஒரு பயனரின் உடைந்த கோப்பு இருக்கிறது. புதிதாக எழுதினால் முதலில் தொலைவது அந்த வரிகள்தான். 1998இல் மூலநிரலைத் திறந்த உலாவி நிறுவனமான நெட்ஸ்கேப், பழைய எஞ்சினைக் கைவிட்டுப் புதிதாக எழுதப் போனது. 5ஆம் பதிப்பு வரவேயில்லை, 6 வந்தது 2000 நவம்பரில். அவர்களிடம் சம்பளத்துக்கு ஆள் இருந்தது. நீங்கள் இரண்டே பேர். ஆகவே பழைய நிரலையே கொஞ்சம் கொஞ்சமாகப் பைதான் 3க்கு மாற்றுங்கள்.

ஒரு வரியைத் தொடும் முன்பு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பைதான் 2.7.18 கண்டெய்னரில் (தனியே பிரித்த சூழலில்) பழைய நிரலை ஓடவிடுங்கள். முப்பது கோப்புகள் சேருங்கள்: காலிக் கோப்பு, கடைசி வரியில் புதுவரிக் குறி இல்லாதது, விண்டோஸ் வரிமுடிவு கொண்டது, பாதி எழுத்தில் அறுந்த யூடிஎஃப்-8 (எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் முறை), பழைய பக் புகார்களோடு பயனர்கள் இணைத்தவை. ஒவ்வொன்றின் வெளியீட்டையும், பிழைச்செய்தி உட்பட, ஒரு பைட் மாறாமல் சேமியுங்கள். மாற்றிய நிரலின் வெளியீட்டை இவற்றோடுதான் ஒப்பிடப்போகிறீர்கள். வெளியீடு தப்பென்று தெரிந்தாலும் இப்போது திருத்தாதீர்கள். திருத்தினால் எது பழைய தப்பு, எது நீங்கள் புகுத்தியது என்று பிறகு பிரிக்க முடியாது.

டிக்‌ஷனரியின் வரிசை இங்கே காலை வாரும். சொல்லையும் அதன் எண்ணிக்கையையும் சேர்த்து வைக்கும் அமைப்பு அது. பைதான் 2இல் அதன் வரிசை ஹாஷ் (உள்ளே கணக்கிடும் எண்) போன போக்கு, 3.7 முதல் சேர்த்த வரிசை. அதனால் சரியான நிரலும் பல ஒப்பீடுகளில் தோற்கும். பழைய நிரலிலேயே அச்சிடும் இடத்தில் சார்ட்டட் (வரிசைப்படுத்தும் கட்டளை) போட்டு, அதன் பிறகு பதிவுசெய்யுங்கள்.

எண்களையும் விடாதீர்கள். 7/2 பைதான் 2இல் 3, பைதான் 3இல் 3.5. 2.5ஐ ரவுண்ட் செய்தால் அங்கே 3.0, இங்கே 2. உங்கள் அறிக்கையின் சராசரிகள் சத்தமில்லாமல் மாறும். நிரல் விழாது, யாரும் புகார் செய்யவும் மாட்டார்கள்.

எல்லாவற்றையும்விடப் படுத்துவது பைட்டும் எழுத்தும். 'கி' என்ற ஒரே எழுத்தின் நீளம் பைதான் 2இன் சாதாரணச் சரத்தில் 6 (யூடிஎஃப்-8 பைட்டுகள்); பைதான் 3இல் 2 (யூனிகோடு குறிகள்). பைட்டையும் சரத்தையும் ஒப்பிட்டால் பைதான் 3 சும்மா ஃபால்ஸ் (சமமில்லை) என்று சொல்லிவிட்டுப் போய்விடும். -bb என்ற கொடியோடு ஓட்டினால் அந்த இடத்திலேயே பிழை எழுப்பி நிற்கும். கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு இடத்திலும் என்கோடிங்கை நீங்களே எழுதுங்கள், கணினியின் லொகேலை (மொழி அமைப்பை) நம்பாதீர்கள்.

ஒரு கமிட்டில் (மாற்ற வரலாற்றை வைக்கும் கிட் கருவியில் சேமிக்கும் ஒரு பதிவில்) ஒரு மாற்றம். இடைவெளி சீராக்கும் கருவியை ஓட்டுவதென்றால் அது தனிக் கமிட்; வரியை யார் மாற்றினார் என்று காட்டும் கிட் பிளேமில் அதை --ignore-rev கொண்டு ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் அங்கே கருவி தொட்ட வரியெல்லாம் உங்கள் பெயரில் நிற்கும், பழைய காரணங்களைத் தேட வழியிருக்காது. நிரலைப் பொதியாக்கும் டிஸ்டியூட்டில்ஸ் பைதான் 3.12இலேயே நீக்கப்பட்டுவிட்டது, அதை மாற்றுவது ஒருநாள் வேலை.

உதவ வருபவருக்கு இந்த முப்பதில் ஒரு கோப்பைக் கொடுங்கள், ரிலீஸ் சாவியை (பதிப்பை வெளியிடும் உரிமையை) கொடுக்காதீர்கள். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் யூட்டில்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தனி ஆள், களைத்துப்போயிருந்தார். பொறுமையாக உதவி நம்பிக்கை பெற்ற ஒருவர் 2024இல் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (ரகசிய நுழைவழி) வைத்தார். அது ஒளிந்திருந்தது சோதனைக்கான பைனரி கோப்புகளில். அதை எழுப்பும் வரியோ கிட்டில் இல்லாமல், வெளியிட்ட கோப்புத்தொகுப்பான ரிலீஸ் கட்டுக்குள் மட்டும் இருந்தது. எஸ்எஸ்எச் வழியே தொலைக்கணினிக்குள் நுழைவது அரை நொடி தாமதமானதைக் கவனித்து ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் கண்டுபிடித்தார். ஆகவே உங்கள் கோப்புகளையும் முடிந்தவரை படிக்கக்கூடிய உரையாக வையுங்கள், ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். ரிலீஸ் கட்டு கிட் டேக்கிலிருந்து (பெயரிட்ட பதிவிலிருந்து) தானாக உருவாகட்டும்.

இரண்டே பேராக இழுக்கிறீர்கள், களைப்பு கடிதத்தில் தெரிகிறது. மாதம் ஒரு மாட்யூல் (நிரலின் ஒரு பகுதி) மாறினால் போதும், அவசரமில்லை.

ரஸ்ட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முப்பதும் தேறிய பிறகு மெதுவாக ஓடும் ஒரு மாட்யூலை மட்டும் அதில் எழுதி, அதே கோப்புகளில் ஓட்டிப் பாருங்கள். அப்போது எழுதுங்கள், பேசுவோம்.