குமிழி ஏன் சுவரில் மட்டும்?

அன்புள்ள ஐயா,

ஃப்ரிட்ஜ் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி மேசையில் வைத்துவிட்டு மறந்துவிட்டேன். அப்புறம் பார்த்தால் உள்பக்கம் முழுக்கப் பொடிப்பொடியாகக் குமிழிகள். குளோரினா? குடிக்கலாமா? நடுத்தண்ணீரில் ஒன்றுகூட இல்லாமல் சுவரில் மட்டும் ஏன்?

கே.

அன்புள்ள கே.,

தாராளமாகக் குடிக்கலாம். அது தண்ணீரில் கரைந்திருந்த காற்றுதான். 5 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 13 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும்; 30 டிகிரியில் 7.5தான். நைட்ரஜனும் இப்படித்தான். குளிர் குறையக் குறைய, மிஞ்சிய காற்று வெளியே வந்தாக வேண்டும்.

உங்கள் கடைசிக் கேள்வி அருமையானது. வெறும் தண்ணீருக்குள் ஒரு குமிழி புதிதாகப் பிறப்பது மிகக் கடினம். தண்ணீரின் மேற்பரப்பு சுருங்கப் பார்க்கும் விசையான பரப்பு இழுவிசை அதை எல்லாப் பக்கமும் நெருக்கும். குமிழி சின்னதாக ஆக நெருக்கமும் கூடும். ஆரம் 1 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்றால் உள்ளே சுமார் 1.4 வளிமண்டல அழுத்தம் கூடுதலாக இருக்கும். 10 நானோமீட்டர் (மைக்ரானில் நூறில் ஒரு பங்கு) என்றால் 140! அந்த அழுத்தத்தில் காற்று மறுபடி தண்ணீரிலேயே கரைந்துவிடும்.

சுவரில் குமிழி புதிதாகப் பிறக்க வேண்டியதே இல்லை. கண்ணுக்குத் தெரியாத கீறல்கள், துடைத்த துணியிலிருந்து ஒட்டிய பஞ்சிழைகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. ஊற்றும்போது தண்ணீர் அவற்றின் அடிவரை போவதில்லை, துளிக் காற்று சிக்கிக்கொள்கிறது. கரைந்த காற்று வந்து அதில் சேரச் சேரக் குமிழி பெருக்கிறது. பெருத்துப் பிய்த்துக்கொண்டு மேலே போனாலும் கொஞ்சம் காற்று அங்கேயே தங்கும், அடுத்த குமிழி அதிலிருந்து வளரும். சோடாவில் ஒரே புள்ளியிலிருந்து சரம்சரமாகக் கிளம்புகிறதே, அது இதுதான். ஷாம்பெயின் கோப்பையில் பெரும்பாலான குமிழிகள் இத்தகைய செல்லுலோஸ் இழைகளிலிருந்தே கிளம்புகின்றன என்று பிரான்சில் இயற்பியலாளர் ஜெரார் லிஜே-பெலேர் அதிவேகக் கேமராவில் படம்பிடித்துக் காட்டினார்.

வீட்டிலேயே பார்க்கலாம். தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து, மூடி ஆறவிட்டு, அதே டம்ளரில் மெதுவாக ஊற்றுங்கள். குமிழிகள் அநேகமாக வராது. காற்று கொதிக்கும்போதே போய்விட்டது.

என்னை இன்றும் வியக்கவைப்பது நானோ குமிழிகள். சில பத்து நானோமீட்டர் உயரம்தான். கணக்குப்படி கண்ணிமைக்கும் முன்பே கரைந்திருக்க வேண்டும். ஆனால் 2000இல், நுண்ணிய ஊசிமுனையால் பரப்பைத் தடவிப் படமெடுக்கும் அணுவிசை நுண்ணோக்கியில், தண்ணீர் ஒட்டாத பரப்புகளின் மேல் அவற்றைப் படம்பிடித்தார்கள். நாள்கணக்கில்கூட நிற்கின்றன. அவற்றின் விளிம்பு பரப்பின் மேடுபள்ளங்களில் மாட்டிக்கொள்வதால் சுற்றளவு சுருங்க முடிவதில்லை. காற்று குறைந்தால் குமிழி தட்டையாகிறது. தட்டையானால் உள்ளழுத்தம் தணிகிறது. சுற்றியுள்ள தண்ணீரில் காற்று சற்று மிகுந்திருந்தால், கரைவது அங்கேயே நின்றுவிடுகிறது.