பவளத் தொட்டி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான்கடித் தொட்டியில் அக்ரோபோரா போன்ற கல்பவளங்கள் வளர்க்கிறேன். ஞாயிறுதோறும் காரத்தன்மை (கே.எச்.) பார்ப்பேன், 7 டிகிரிக்கு இறங்கியிருக்கும். அன்றே பொடி கலந்து 10-க்கு ஏற்றிவிடுவேன். ஆனாலும் கிளை நுனிகள் வெளுத்துச் சதை உரிகிறது. 7-ம் சரி, 10-ம் சரி என்றுதானே சொல்கிறார்கள்?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: இரண்டு அளவுமே சரிதான். ஆறு நாள் மெல்ல இறங்கியதை ஏழாம் நாள் மாலை ஒரே மூச்சில் 3 டிகிரி ஏற்றுகிறீர்களே, நுனி வெளுத்து உரிவது அதனால்தான். பவளத்துக்கு எண் 7.5-ஆ 8.5-ஆ என்பது பெரிதில்லை. நேற்று இருந்தது இன்றும் இருக்க வேண்டும், அவ்வளவே. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும் தொட்டியில் இந்தத் தாவல் இன்னும் கடுமையாகத் தாக்கும். அந்த இரண்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முதலில் தொட்டி ஒரு நாளைக்கு எவ்வளவு தின்கிறது என்று தெரிய வேண்டும். நான்கு நாள் எதுவும் கலக்காமல், தினமும் ஒரே நேரத்தில் கே.எச். பாருங்கள். உதாரணமாக 8.6, 8.2, 7.8, 7.4 என்று வந்தால் தினச் செலவு 0.4. நீங்கள் வாரத்துக்கு 3 டிகிரி இழப்பதும் ஏறத்தாழ இதே கணக்குத்தான்.

டெஸ்ட் கிட்டை அப்படியே நம்பிவிடாதீர்கள். சிரிஞ்சின் கறுப்பு ரப்பருக்குக் கீழே ஒரு காற்றுக்குமிழி இருக்கும். அது எப்போதும் இருக்கும், கவலை வேண்டாம். திரவ மட்டத்தைப் பார்க்காமல், ரப்பரின் அடி விளிம்பு எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதையே தொடக்கத்திலும் முடிவிலும் படியுங்கள். கிட்டைச் சோதிக்க வழி உண்டு. ஆப்பசோடா 3 கிராமை ஒரு லிட்டர் டி.ஐ. நீரில் (கரைந்த உப்புகளை நீக்கிய நீர்) கரையுங்கள். அதில் 100 மில்லி எடுத்து 900 மில்லி டி.ஐ. நீரோடு சேருங்கள். இந்தக் கலவையின் கே.எச். 10. உங்கள் கிட் 9 காட்டினால், அது 10 சதவீதம் குறைத்துச் சொல்கிறது என்று பொருள்.

இனி மருந்து. 4 x 1.5 x 1.5 அடித் தொட்டி 255 லிட்டர் பிடிக்கும். கல், மணல் போக 200 லிட்டர் நீர் என்று வைத்துக்கொள்வோம். இதில் கே.எச். ஒரு டிகிரி ஏற 6 கிராம் ஆப்பசோடா தேவை. ஆகவே 60 கிராம் ஆப்பசோடாவை ஒரு லிட்டர் டி.ஐ. நீரில் கரைத்து வைத்தால், 100 மில்லிக்கு ஒரு டிகிரி. 0.4 வேண்டுமானால் தினம் 40 மில்லி. பேக்கிங் பவுடர் வேறு பொருள். அதில் மாவும் அமிலமும் உண்டு, தொட்டிக்கு ஆகாது.

பவளம் எலும்பு கட்டும்போது ஒவ்வொரு டிகிரி கே.எச்.சோடும் சுமார் 7 பி.பி.எம். (லிட்டருக்கு 7 மில்லிகிராம்) கால்சியமும் போகும். அதற்கு இன்னொரு பாட்டில்: டைஹைட்ரேட் வகைக் கால்சியம் குளோரைடு 53 கிராம், ஒரு லிட்டர் டி.ஐ. நீரில். கரையும்போது பாட்டில் சூடாகும், பயப்பட வேண்டாம். இந்த அளவில் கரைத்தால் இரண்டு பாட்டிலிலிருந்தும் ஒரே மில்லி ஊற்றினால் போதும், கணக்கு சுலபம். ஆனால் இரண்டும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் விழக்கூடாது; விழுந்த இடத்தில் நீர் பால்போல் வெளுத்து, இரண்டும் சுண்ணாம்பாக அடியில் தங்கிவிடும். நல்ல நீரோட்டமுள்ள இடத்தில், அரை மணி இடைவெளி விட்டு ஊற்றுங்கள். தானாக அளந்து ஊற்றும் டோசிங் பம்ப் இருந்தால் 40 மில்லியை எட்டாகப் பிரித்து 5 மில்லி வீதம் விடலாம், கே.எச். ஏறி இறங்காமல் நேராக நிற்கும்.

இந்த முறையில் ஒரு பக்கவிளைவு: சோடியமும் குளோரைடும் சேர்ந்து மாதம் சுமார் 50 கிராம் சாதாரண உப்பு தொட்டியில் கூடும். வாரம் 10 சதவீத நீர் மாற்றினால் அது கட்டுக்குள் இருக்கும்.

பவளம் வளர வளரச் செலவும் கூடும். மாதம் ஒருமுறை கணக்கைத் திரும்பப் போடுங்கள். எப்போதாவது கே.எச். சரிந்துவிட்டால், ஒரு நாளைக்கு அரை டிகிரிக்கு மேல் ஏற்ற வேண்டாம்.

கேள்வி: மெக்னீசியம் 1100, கால்சியம் 355, கே.எச். 6. கடையில் மூன்றுக்கும் மூன்று பாட்டில் தந்தார்கள். எதை முதலில் ஊற்றுவது? உப்பளவு 1.026 என்று ஹைட்ரோமீட்டர் காட்டுகிறது. மீன்களும் மென்பவளங்களும் மட்டும்தான்.
– வாசகர், கோவை

பதில்: எதையும் ஊற்றாதீர்கள். கடல்நீரில் உப்பு லிட்டருக்கு 35 கிராம் என்றால் மெக்னீசியம் சுமார் 1290 பி.பி.எம்., கால்சியம் 415 பி.பி.எம்., கே.எச். 7. உங்கள் மூன்று எண்களும் இவற்றில் ஏறத்தாழ 86 சதவீதம். மூன்றும் ஒரே விகிதத்தில் குறைந்திருந்தால் குறைவது அந்தப் பொருள்கள் இல்லை, உப்பு. உங்கள் தொட்டியில் 30 கிராம்தான் இருக்கும், அதாவது ஹைட்ரோமீட்டர் கணக்கில் 1.0225 வாக்கில்.

முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் இது வழக்கமான கோளாறு. முள்ளில் ஒரு சிறு குமிழி ஒட்டினாலும் முள் தூக்கிக்கொண்டு கூடுதலாகக் காட்டும். ஒளி வளைவதை வைத்து உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். அதையும் வெறும் ஆர்.ஓ. நீரில் பூஜ்யம் பார்த்து விட்டுவிடாமல், 35 என்று குறித்து விற்கும் சோதனைத் திரவத்தில் நிலைநிறுத்துங்கள். நாம் படிக்கப்போவது 35-ஐ; அங்கேதான் அது சரியாக இருக்க வேண்டும்.

ஏற்றும் முறை: 200 லிட்டருக்குக் குறைவது ஒரு கிலோ உப்பு. தினம் ஆவியாகும் மூன்று லிட்டருக்கு ஈடாக, உப்பில்லாத நல்ல நீருக்குப் பதில் 35 கிராம் அளவில் கலந்த உப்புநீரை ஊற்றுங்கள். நாளுக்கு 105 கிராம் சேரும். பத்து நாளில் சரியாகிவிடும். பிறகு மறக்காமல் நல்ல நீருக்குத் திரும்புங்கள். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு போவதில்லை.

35-க்கு வந்த பிறகும் மெக்னீசியம் மட்டும் தாழ்ந்திருந்தால் அப்போது பாட்டிலைத் திறக்கலாம். 200 லிட்டரில் 50 பி.பி.எம். ஏற, ஹெக்ஸாஹைட்ரேட் வகை மெக்னீசியம் குளோரைடு 84 கிராம். ஒரு நாளைக்கு அந்த அளவே போதும். மெக்னீசியத்தைப் புறக்கணிக்கவும் கூடாது. சுண்ணாம்புப் படிகம் வளராமல் தடுப்பது அதுதான். அது குறைந்தால் கே.எச். எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது. ஹீட்டரிலும் பம்ப் ரோட்டரிலும் வெள்ளையாகப் படியும்.

கேள்வி: வீட்டுக் குடிநீர் ஆர்.ஓ. நீரில்தான் உப்பு கலக்கிறேன். டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள பொருள்களின் மொத்த அளவு) 80. மூன்று மாதமாக நத்தைகள் ஒவ்வொன்றாகச் சாகின்றன, இறாலும் போய்விட்டது. மீன்களுக்கு ஒன்றும் இல்லை.
– வாசகி, சென்னை

பதில்: மீன் பிழைத்து நத்தையும் இறாலும் சாகிறது என்றால் முதல் சந்தேகம் செம்பு. உங்கள் ஆர்.ஓ. மெஷினில் 'காப்பர்' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அந்த வகையில் கடைசிக் கார்ட்ரிட்ஜ் குடிநீரில் வேண்டுமென்றே செம்பு சேர்க்கும். நமக்கு நல்லதென்று விற்பது, முதுகெலும்பில்லாத உயிர்களுக்கு விஷம். நீரைப் பித்தளை, செம்புப் பாத்திரத்தில் பிடித்துவைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். உணவுத்தர பிளாஸ்டிக் கேன் போதும். ஏற்கெனவே கலந்துவிட்டதை எடுக்க நல்ல கார்பனோ செம்பை ஈர்க்கும் ஃபில்டர் பையோ போட்டு, சுத்தமான நீரில் அடுத்தடுத்து நீர் மாற்றுங்கள்.

செம்பு இல்லாவிட்டாலும் 80 என்பது ஏற்க முடியாத அளவு. பல வீட்டு மெஷின்களில் 'டி.டி.எஸ். கன்ட்ரோலர்' என்ற திருகு உண்டு. சுவைக்காக, சவ்வில் வடிகட்டிய நீரோடு வடிகட்டாத நீரைக் கொஞ்சம் கலப்பது அதன் வேலை. தொட்டிக்கு வேண்டியது சவ்வை விட்டு நேராக வரும் நீர், அதுவும் மிச்ச உப்பைப் பிடிக்கும் டி.ஐ. ரெசின் வழியாகப் போய், மீட்டரில் 0 காட்ட வேண்டும். மெக்கானிக்கைக் கூப்பிட்டு, சவ்வுக்கு அடுத்து, மினரல் கார்ட்ரிட்ஜுக்கு முன்னால் ஒரு டி-இணைப்பு போட்டு டி.ஐ. குழாய்க்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

போர் தண்ணீர் 1200 டி.டி.எஸ். என்றால், சவ்வு 96 சதவீதம் தடுத்தாலும் 48 மிஞ்சும். ரெசின் சீக்கிரம் தீரும். மெஷின் ஓடத் தொடங்கியதும் முதல் சில நிமிட நீர் எப்போதும் மோசம். அதைப் பாத்திரம் கழுவ விடுங்கள், ரெசின் நீண்ட நாள் வரும்.

கேள்வி: குளிர்காலத்தில் பி.எச். காலையில் 7.75. ஆப்பசோடா போட்டும் ஏறவில்லை. கே.எச். இப்போது 11 ஆகிவிட்டது.
– வாசகர், டொரான்டோ

பதில்: ஆப்பசோடாவை நிறுத்துங்கள், அது பி.எச்.சை ஏற்றும் பொருளே இல்லை. ஜன்னல் மூடிய வீட்டில் நாம் விடும் மூச்சின் கார்பன் டை ஆக்சைடு நீரில் கரைந்திருக்கிறது, அவ்வளவுதான். உறுதி செய்ய ஒரு டம்ளர் தொட்டிநீரை பால்கனிக்கு எடுத்துப்போய், உறையாமல் பார்த்துக்கொண்டு, ஏர் ஸ்டோன் போட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். உள்ளே திரும்பி, நீர் அறை வெப்பத்துக்கு வந்ததும் அளந்தால் பி.எச். ஏறியிருக்கும். ஸ்கிம்மரின் (குமிழிகளால் அழுக்கை நுரையாகப் பிரிக்கும் கருவி) காற்றுக்குழாயை ஜன்னல் இடுக்கு வழியாக வெளியே நீட்டுங்கள். முடியாவிட்டால் குழாயின் வாயில் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் சோடா லைம் நிரப்பிய குப்பி பொருத்துங்கள்.

கே.எச். தானாக 8-க்கு இறங்கிய பிறகு, தினச் செலவுக்குத் தெளிந்த சுண்ணாம்பு நீர் கொடுங்கள். கால்சியம் ஹைட்ராக்சைடை லிட்டருக்கு ஒன்றரை கிராம் கரைத்து, அடிவண்டலை விட்டுவிட்டு மேல்நீரை மட்டும் எடுங்கள். 200 லிட்டர் தொட்டியில் 0.4 டிகிரிக்கு 700 மில்லி. கால்சியமும் சேர்ந்தே கிடைக்கும், பி.எச்.சும் ஏறும். இரவில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அதன் பி.எச். 12-க்கு மேல், மிதவை ஸ்விட்ச் சிக்கி மொத்தமாகக் கொட்டினால் தொட்டி காலி. அதனால் வாளியில் ஒரு நாள் அளவுக்கு மேல் வைக்காதீர்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு வேண்டாம், அதில் என்னென்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஊறுகாய்க்கு விற்கும் உணவுத்தரச் சுண்ணாம்பு நல்லது.

ஒன்று சொல்லிவிடுகிறோம்: இரவில் 7.8, மாலையில் 8.2 என்று ஆடினால் அது இயல்பு.

கேள்வி: கடற்கரையில் ஒதுங்கும் காய்ந்த பவளக்கற்களைத் தொட்டியில் போட்டால் கால்சியம் கிடைக்குமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: கிடைக்காது. பி.எச். 8-ல் இருக்கும் நீரில் அது கரையாது. அதைவிட முக்கியம்: கல்பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன, உயிரோடிருந்தாலும் காய்ந்திருந்தாலும் எடுப்பது குற்றம். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்தே திட்டுகள் பல தேய்ந்துவிட்டன. தொட்டிக்குச் செராமிக் கல் வாங்குங்கள். சிமென்ட்டில் வார்த்த கல்லென்றால், நல்ல நீரில் ஊறப்போட்டு, வாரம் ஒருமுறை நீரை மாற்றி, ஊறும் நீரின் பி.எச். 8.5-க்குக் கீழே நிலைத்த பிறகே தொட்டியில் வையுங்கள்.