எண்ணெய்க்குள் மின்னேற்றம்: நீங்கள் கேட்டவை

பிளாஸ்டிக் துகள் எண்ணெய்க்குள் மிதக்கும்போது அதற்கு மின்னேற்றம் எங்கிருந்து வருகிறது என்று போன கிழமை எழுதியிருந்தேன். அயன்களிலிருந்து, அதாவது ஏற்றமுள்ள அணுக்கள் அல்லது அணுக்கூட்டங்களிலிருந்து, வருகிறது என்பதே அதன் சாரம். யாழ்ப்பாணத்தின் பல பக்கமிருந்தும் கேள்விகள் வந்தன. பல வருடம் ஆய்வுகூடத்தில் கூழ்மங்களோடு, அதாவது திரவத்தில் கலந்து மிதக்கும் நுண்துகள்களோடு, இருந்தவன் என்பதால் பதில் எழுதுவது எனக்குச் சந்தோசம்.

உயர்தர மாணவி, சாவகச்சேரி: அண்ணா, உப்பு எண்ணெயில் கரையாதே. பிறகு எப்படி அயன் வரும்?

சரியான இடத்தில் பிடித்தீர்கள், தங்கச்சி. ஒரு போத்தலில் மண்ணெண்ணெய் விட்டு, ஒரு சிட்டிகை ஆனையிறவு உப்பைப் போட்டுக் குலுக்குங்கள். சுழன்று சுழன்று மணி மணியாக அடியில் வந்து படுக்கும். நாளைக்குப் பார்த்தாலும் அப்படியே கிடக்கும்.

காரணம் ஒரு சின்னக் கணக்கு. எதிரெதிர் ஏற்றம் கொண்ட இரண்டு அயன்களின் இழுப்பு, வெப்பத்தின் உதறலுக்குச் சமமாகும் தூரம் நீரில் 0.7 நனோமீற்றர். தொடெக்கேன் போன்ற எண்ணெயில் அது 28. உப்புப் பளிங்கில் சோடியமும் குளோரைட்டும் 0.28 நனோமீற்றர் இடைவெளியில் நிற்கின்றன. 28ஐ 0.28ஆல் பிரியுங்கள், 100 வரும். வெப்பத்தின் உதறலைப் போல் நூறு மடங்கு சக்தி இருந்தால்தான் அந்தச் சோடி எண்ணெய்க்குள் பிரியும். நீரில் இரண்டரை மடங்கே போதும்.

பல்கலைக்கழக மாணவன், திருநெல்வேலி: அப்போ ஏற்றத்தைப் பிரித்து வைப்பது எது?

பருமன். ஏற்றத்தை ஒரு பெரிய உடம்புக்குள் வைத்துவிட்டால், அதற்கு மாறான ஏற்றம் கிட்ட வர முடியாது. ஏ.ஓ.ரி என்ற சவர்க்கார இனப் பொருளை எண்ணெயில் போட்டால் அதன் மூலக்கூறுகள் தலையை உள்ளே வைத்து, வாலை வெளியே நீட்டிக் கூடும். ஆரை ஒன்றரை நனோமீற்றர் அளவான அந்த உருண்டைதான் தலைகீழ் மைசெல். இரண்டு மைசெல்கள் மோதிப் பிரியும்போது எப்போதாவது ஒன்று நேர் ஏற்றத்தோடும் மற்றது எதிர் ஏற்றத்தோடும் போய்விடும். ஏறக்குறைய ஒரு லட்சத்தில் ஒன்றுதான் ஏற்றத்தோடு இருக்கும். ஆனாலும் அது போதும். எண்ணெயில் மற்ற ஏற்றங்கள் அவ்வளவு அரிது.

துகளின் மேற்பரப்பிலிருந்து பிரியும் அயனை மைசெல் தன் வயிற்றுக்குள் வாங்கிக்கொள்ளும். அல்லது நேர், எதிர் என்ற இரண்டில் ஒரு குறியுள்ள அயன் துகளில் கூடுதலாக ஒட்டும். எந்த வழி முந்துகிறது என்பது துகளையும் சேர்க்கும் பொருளையும் பொறுத்தது. இதில்தான் எனக்கு இன்னும் ஆசை தீரவில்லை.

ஆசிரியர், கோண்டாவில்: ஒரு துகளில் எவ்வளவு ஏற்றம்? குறியை நாங்கள் தீர்மானிக்கலாமா?

கொஞ்சம்தான், சேர். ஒரு மைக்ரோமீற்றர் விட்டமுள்ள துகளில் சில பத்திலிருந்து சில நூறு இலத்திரன் ஏற்றம். குறியை மாற்றலாம். பொலிமெதைல் மெதக்ரிலேற்று என்ற பிளாஸ்டிக்கின் துகளுக்கு ஏ.ஓ.ரி எதிர் ஏற்றம் தரும், சிர்க்கோனியம் ஒக்ரோவேற்று என்ற இன்னொரு சேர்க்கும் பொருள் நேர் ஏற்றம் தரும்.

ஏற்றம் கொஞ்சம் என்றாலும் அதன் கை நீளம். நுணுக்குக்காட்டியில் பாருங்கள்: துகள்கள் ஒன்றையொன்று தொடாமல், விலகி விலகி, கோயில் திருவிழாவில் வரிசையில் நிற்பவர்களைப் போல் ஒழுங்காக நிற்கும். எண்ணெயில் ஏற்றத்தை மறைக்க அயன்கள் குறைவு என்பதால்தான் அந்தத் தள்ளுதல் மைக்ரோமீற்றர் தூரத்துக்கும் எட்டுகிறது.

வாசகி, நல்லூர்: என்னுடைய மின்னூல் வாசிப்பானில் நடப்பதும் இதுதானா?

ஓம் அக்கா. மெல்லிய கூடுகளுக்குள் எண்ணெய், அதில் ஒரு ஏற்றத்தோடு வெள்ளைத் துகள், மறு ஏற்றத்தோடு கறுப்புத் துகள். மின்புலம் எதை மேலே இழுக்கிறதோ அது எழுத்தாகவோ தாளாகவோ தெரியும். மின்சாரம் நின்றாலும் துகள் நின்ற இடத்தில் நிற்கும்.

பெற்றோல் நிரப்பும் தம்பி, சுன்னாகம்: அண்ணை, பெற்றோல் கானை வாகனத்துக்குள் வைத்து நிரப்பக்கூடாது என்கிறார்களே?

அதுவும் இதே கதைதான். பெற்றோல் குழாயில் ஓடும்போது சிறிது ஏற்றம் பிரியும், அது எளிதில் வடியாது; சேர்ந்தால் பொறி பறந்து தீப்பிடிக்கலாம். கானை நிலத்தில் வைத்து, குழாய்முனை கானைத் தொட்டபடி நிரப்புங்கள். விமான எரிபொருளில் ஏற்றம் வடியவென்றே ஒரு பொருள் சேர்ப்பார்கள்.

ஒரு மாணவன், பருத்தித்துறை: இந்தத் துகள் சோதனையை நல்லெண்ணெயில் செய்து பார்க்கலாமா?

வேண்டாம். அதற்குள் கொழுப்பமிலம், நீர், இன்னும் பலது இருக்கிறது. எனக்கே ஒரு மார்கழி மழையில், சுத்தமான தொடெக்கேனிலும் காலை அளந்த துகளின் வேகம் மாலையில் வரவில்லை. மூடி சரியாகப் பூட்டாத போத்தல் ஈரத்தை உறிஞ்சியிருந்தது.