வகுப்பில் குரல் நடுங்குகிறதா? புதிய கல்லூரி ஆசிரியர்களுக்குச் சில பதில்கள்

அரசு கலைக் கல்லூரியில் 29 ஆண்டுகள் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றிருக்கிறேன். புதிதாக உதவிப் பேராசிரியர் ஆனவர்கள் கேட்டவற்றுக்கு என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

கேள்வி: மேடம், சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. எழுபது பேர் இருக்கும் வகுப்பு. முதல் பத்து நிமிடம் குரல் நடுங்குகிறது.

அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் தனியாகத் தயார் செய்யுங்கள். முழுப் பாடத்தையும் மனப்பாடம் செய்தால் ஒரு வரி மறந்தாலும் எல்லாம் சரிந்துவிடும். முதல் இரண்டு வாக்கியம், அப்புறம் பிள்ளைகளைப் பேச வைக்கும் ஒரு கேள்வி, இவ்வளவு போதும். கொதிநிலை நடத்தும் நாளில் "குக்கரில் பருப்பு ஏன் சீக்கிரம் வேகிறது?" என்று தொடங்குவேன். நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். உள்ளே அழுத்தம் கூடுவதால் தண்ணீர் 120 டிகிரிக்குப் பக்கத்தில்தான் கொதிக்கும் என்று நான் பலகையில் எழுதுவதற்குள் மூச்சு சீராகியிருக்கும்.

கேள்வி: எனக்குப் பதில் தெரியாத கேள்வியை மாணவர் கேட்டுவிட்டால்? இந்தப் பயத்தில் யாரையும் கேள்வி கேட்கவே விடுவதில்லை.

உங்கள் பயம் எனக்கு நன்றாகத் தெரியும். ஐஸ் ஏன் வழுக்குகிறது என்பதற்கு, மேலே இருக்கும் எடையின் அழுத்தத்தால் ஐஸ் உருகுகிறது என்று ஒருநாள் நடத்தினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி, "எடையே இல்லாத சின்னப் பொருளும் வழுக்குதே மேடம்?" என்றாள். அதட்டி உட்கார வைத்திருக்கலாம். "நாளைக்குச் சொல்கிறேன்" என்றேன். இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். உருகுநிலை ஒரு டிகிரி குறையவே வளிமண்டல அழுத்தத்தைப் போல 130 மடங்குக்கு மேல் வேண்டியிருந்தது. அவள் சந்தேகம் சரி. பனிக்கட்டியின் மேற்பரப்பிலேயே நீர் போன்ற மெல்லிய படலம் இருக்கிறது என்று ஃபாரடே 1850-லேயே சொல்லியிருக்கிறார். மறுநாள் முதல் வேலையாக, நான் சொன்னது போதாது என்று சொல்லி அந்தக் கணக்கைப் பலகையில் போட்டேன். அதன்பிறகு அந்த வகுப்பில் என்னை யாரும் குறைவாகப் பார்க்கவில்லை, கேள்விகள்தான் கூடின. ஒன்று மட்டும் முக்கியம்: நாளைக்கு என்று சொன்னால் நாளைக்கே சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: தமிழ் வழியில் படித்தவன் நான். ஆங்கிலத்தில் நடத்தும்போது திக்குகிறது.

உங்கள் எதிரில் இருப்பவர்களில் பலரும் அப்படிப் படித்து வந்தவர்கள்தான் தம்பி. கலைச்சொல்லையும் வரையறையையும் ஆங்கிலத்தில் பலகையில் எழுதுங்கள், விளக்கத்தைத் தமிழில் சொல்லுங்கள். பரீட்சையில் எழுத வேண்டிய நாலைந்து வாக்கியங்களை மட்டும் வீட்டில் வாய்விட்டுப் படித்துவிட்டு வாருங்கள். ஒரு செமஸ்டரில் திக்கல் குறைவதை நீங்களே உணர்வீர்கள்.

கேள்வி: "புரிஞ்சுதா?" என்று கேட்டால் வகுப்பே மௌனமாக இருக்கிறது. தோற்றுப்போனது போல இருக்கிறது.

அந்தக் கேள்விக்கு "புரிந்தது" என்று தலையாட்டுவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை. குறிப்பாக ஒன்றைக் கேளுங்கள், பிறகு காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் இதைக் கவனித்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் பெரும்பாலும் ஒரு நொடிதான் பொறுத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக்கியபோது பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். முதல் வாரம் அந்த மூன்று நொடி ஒரு யுகமாகத்தான் இருக்கும். அப்போதும் பதில் வராவிட்டால் பக்கத்தில் இருப்பவரோடு பேசிவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் கௌரவ விரிவுரையாளர். நிரந்தர ஆசிரியர்கள் முன் கூசிப்போகிறேன், அது வகுப்பிலும் தெரிகிறது.

இது மனதை வருத்தும் கேள்வி. அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாதபோது யாருக்கும் கால் நடுங்கத்தான் செய்யும். அந்த நிச்சயமின்மையை உங்கள் திறமைக் குறைவு என்று எண்ணிவிடாதீர்கள். நன்றாக நடத்தியவர் யார் என்பதுதான் மாணவர் மனதில் நிற்கும். உங்கள் பாடக்குறிப்பு, வினாத்தாள், மாணவர் எழுதித் தந்த கருத்து எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். நேர்காணலுக்கும் உதவும், சோர்ந்த நாளில் எடுத்துப் பார்க்கவும் உதவும்.

கேள்வி: முறையான பயிற்சி எங்கே கிடைக்கும்?

யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையங்களில் புதியவர்களுக்கான அறிமுகப் பயிற்சி நடக்கிறது. பதவி உயர்வு நெருங்கும்வரை தள்ளிப்போடாமல் முதல் ஆண்டிலேயே விண்ணப்பியுங்கள். அதுவரை, நீங்கள் நம்பும் மூத்த ஆசிரியர் ஒருவரை ஒரே ஒரு வகுப்புக்குக் கடைசி பெஞ்சில் வந்து உட்காரச் சொல்லிக் கேளுங்கள்.