மாடிப்படிக் கைப்பிடி உடைந்து மாமியார் விழுந்தார்: செலவு யார் பொறுப்பு?

கேள்வி: தாம்பரம் பக்கம் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். படிக்கட்டின் இரும்புக் கைப்பிடி அடியில் துருப்பிடித்து ஆடுவதாக, மாதாமாதம் வாடகை வாங்க வரும் மேனேஜருக்கு இரண்டு முறை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ‘வெல்டர் வருவார்’ என்றார், யாரும் வரவில்லை. போன வாரம் ஊரிலிருந்து வந்த என் மாமியார் பிடித்து இறங்கும்போது அது கையோடு வந்துவிட்டது. இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகியிருக்கிறது. துபாயில் இருக்கும் வீட்டுக்காரர், ‘என்னிடம் யாரும் சொல்லவில்லை, குடியிருப்பவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்’ என்கிறார். வீடு பிடித்துக் கொடுத்த புரோக்கருக்கும் பொறுப்பு உண்டா?

பதில்: முதலில் ஓர் அவசர வேலை. டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஏ.ஆர். காப்பியையும் (மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல்) எடுத்துப் பாருங்கள். எப்படி விழுந்தார் என்ற இடத்தில் ‘படியில் வழுக்கி விழுந்தார்’ என்று இருக்கிறதா? பதற்றத்தில் கூடப் போனவர்கள் அப்படித்தான் சொல்லிவிடுகிறார்கள். அந்த ஒரு வரியை வைத்தே எதிர்த்தரப்பு வாதாடும். கைப்பிடி உடைந்ததை மருத்துவமனைக்கு இன்றே எழுத்தில் கொடுத்து, பதிவில் சேர்க்கச் சொல்லுங்கள். உடைந்த துண்டைப் பத்திரப்படுத்துங்கள். புதுக் கைப்பிடி வைப்பதற்குள், சிமெண்டோடு ஒட்டி நிற்கும் துருப்பிடித்த அடிப்பகுதியைக் கிட்டத்தில் படம் எடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப் உரையாடலில் ஒரு வரியைக்கூட அழிக்காதீர்கள்.

வீட்டுக்காரரின் வாதத்துக்கு வருவோம். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டத்தின் அட்டவணைப்படி, கட்டமைப்புப் பழுது வீட்டுக்காரருடையது. தண்ணீர் டேப், சுவிட்ச், பூட்டு போன்ற சில்லறைப் பழுதுகள்தான் உங்களுடையவை. படிக்கட்டுக் கைப்பிடி முதல் வகை என்பதே என் கருத்து. நீங்கள் அதை உடைத்திருந்தால் கதை வேறு.

‘எனக்குத் தெரியாது’ என்பதும் எடுபடாது. 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 229-வது பிரிவுப்படி, ஏஜெண்டிடம் அவர் பார்க்கும் வேலை தொடர்பாகச் சொன்னது முதலாளியிடமே சொன்னதற்குச் சமம். உங்கள் மேனேஜர் வாடகை வாங்குகிறார், பழுதுக்கு ஆள் அனுப்புவதாகச் சொல்கிறார், அவர் ஏஜெண்ட்தான். ஆகவே அந்த இரண்டு மெசேஜும் துபாய்க்குப் போய்ச் சேர்ந்ததாகத்தான் கணக்கு. மேனேஜரையும் வழக்கில் சேர்க்கலாம்.

புரோக்கர் வேறு. கமிஷன் வாங்கியதோடு அவர் வேலை முடிந்தது. ஆபத்து தெரிந்தே மறைத்தார் என்று காட்ட முடிந்தாலொழிய அவரை இழுக்காதீர்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். கைப்பிடி ஆடுவது உங்களுக்குத் தெரியும், மாமியாரிடம் சொன்னீர்களா? சொல்லவில்லை என்றால் உங்கள் பங்கும் உண்டு என்று எதிர்த்தரப்பு வாதிடும். சொல்லியிருந்தால், ‘தெரிந்தே பிடித்தார்’ என்று அவருடைய இழப்பீட்டைக் குறைக்கப் பார்க்கும். இரண்டுக்கும் தயாராக இருங்கள். ஆனாலும் பெரும் பொறுப்பு, தகவல் வந்தும் சும்மா இருந்தவர்கள் மேல்தான். ‘விபத்துக்கு உரிமையாளர் பொறுப்பல்ல’ என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும், அதில் கையெழுத்துப் போடாத மாமியாரை அது கட்டுப்படுத்தாது.

இழப்பீடு கேட்க வேண்டியது உரிமையியல் நீதிமன்றத்தில். வாடகை நீதிமன்றத்தில் அல்ல. பொதுவாக விழுந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். காயம் அவருக்கு என்பதால் வழக்கும் மாமியார் பெயரில்தான் வரவேண்டும். அதில் ஒரு வசதி: 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும். நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் அலுவலகத்துக்கு ஆதார், பில்கள், படங்களோடு போங்கள். வழக்குக்கு முன் சமரசத்துக்கும் அங்கேயே அழைப்பு அனுப்பச் சொல்லலாம். நான் அதைத்தான் முதலில் செய்வேன். வெளிநாட்டில் இருப்பவரை வழக்குக்கு வரவைப்பதற்குள் வருடங்கள் ஓடிவிடும்.

மிச்சக் கைப்பிடியும் அதே வயதுதான். புதிது வரும்வரை அந்தப் பக்கம் கயிறு கட்டி மறித்துவிடுங்கள். குழந்தைகள் சாய்ந்துவிடப் போகிறார்கள்.